அப்பாவின் கணக்கு நோட்டில் இருக்கும் பழைய பெங்களூர் இடங்கள்: அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். தச்சு வேலை செய்தவர். 1986லிருந்து 1991 வரை பெங்களூரில் இருந்தார், அலசூரில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கி. மாதம் ஒருமுறை ரயிலேறி குடியாத்தம் வருவார், நான் அப்போது சின்னப் பையன், அவர் வாங்கி வரும் பன் மட்டும்தான் எனக்கு ஞாபகம். பெங்களூரைப் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியதே இல்லை. கேட்டால் "குளிரும்" என்பார், அவ்வளவுதான்.

காரியம் எல்லாம் முடிந்து அவருடைய மரப்பெட்டியைத் திறந்தோம். உளி, இழைப்புளி எல்லாம் எண்ணெய் தடவி பழைய வேட்டியில் சுற்றி அப்படியே இருந்தன. அடியில் ஒரு நீள நோட்டு, பெங்களூரில் செய்த வேலைக் கணக்கு. ஆட்களின் பெயர் எதுவும் இல்லை, இடமும் வேலையும் நாளும் கூலியும்தான். சிலதை அவர் எழுதியபடியே தருகிறேன்:

சர்ச்சு தெரு ராக்கெட்டு. வளைவு அடைப்பு. 21 நாள்.
ரெஸ்டவுஸ் ரோடு. மாடிப்படி கைப்பிடி. 3 நாள்.
கோபன் ரோடு தேவர் பார். பெரம்பு நாற்காலி கால் மாத்தினது 6.
பிளாசா. கை வைக்கிற கட்டை 38.
எம்ஜி ரோடு காப்பி அவுசு. மேசை ஆட்டம் நிறுத்தினது 9.
கிராண்டு ரோடு பீர் பேட்டரி. ஆபீசு கதவு 2.

அப்பா ஒரு சொட்டு குடித்தவரில்லை. ஆனால் நோட்டில் பாதிக் கணக்கு பார் கணக்காகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் இரண்டு நாள் பெங்களூர் போகிறேன். இதில் எது எது இன்னும் இருக்கிறது, எங்கே போனால் பார்க்கலாம்? ராக்கெட் என்றால் என்ன? தேவர் பார் நடத்தியது நம் தென்மாவட்டத்துக்காரர் யாராவதா? கோபன் ரோடு என்று மேப்பில் தேடினால் எதுவுமே வரவில்லை.

சும்மா_வந்தேன்:

கோபன் இல்லை, கப்பன் ரோடு. பரேடு கிரவுண்டு ஓரமாகப் போகும். அங்கே பி.ஆர்.வி. தியேட்டர் இருந்தது, பிறகு மிலிட்டரி கேன்டீன் ஆகிவிட்டது. தேவர் பார் என்று ஒன்றும் கேள்விப்பட்டதில்லை.

அலசூர் பெரிசு:

சும்மா வந்த தம்பி சும்மாவே இருந்திருக்கலாம்.

குடியாத்தத்துத் தம்பி, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் அலசூரில் பிறந்து வளர்ந்தவன், இப்போது 71 வயது, சோமேஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. நோட்டில் இருப்பதைப் படித்ததும் எழுந்து போய் இரண்டாவது காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், டாக்டருக்குத் தெரிய வேண்டாம்.

கோபன் ரோடு கப்பன் ரோடு இல்லை. அது காக்பர்ன் ரோடு. வெள்ளைக்காரன் காக்பர்ன் என்று எழுதிவிட்டு கோபர்ன் என்று சொல்வான், உங்கள் அப்பா காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மூங்கில் மண்டி இருந்த பக்கம், பேம்பூ பஜார் என்போம், கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். அங்கே இருந்த பார் டேவர்ஸ். தேவர் இல்லை அப்பா, டேவர்ஸ்! ஸ்காட்லாந்து விஸ்கிப் பெயர். உசிலம்பட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. (இதைப் படித்துச் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்து என்ன என்று கேட்டுவிட்டாள்.)

1933இல் ஆரம்பித்த பார் அது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஓய்வு பெற்ற கிளார்க்கின் வீடு போல இருக்கும். உள்ளே பிரம்பு நாற்காலி, பழைய மர மேசை, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் விசிறி, பாட்டு கிடையாது, கூச்சல் கிடையாது. நான் முதன்முதலில் போனது என் மாமனாரோடு, கல்யாணமாகி நாலாவது மாதம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஈரல் வறுவல் தட்டை என் பக்கம் நகர்த்தினார், அன்றிலிருந்துதான் என்னை மருமகனாக ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். அந்த நாற்காலிகள் எல்லாமே ஆடும். உட்காரும்போது ஒரு கை மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது அங்கே வழக்கமாகப் போகிறவர்களுக்குத் தானாக வந்துவிடும் பழக்கம். ஆறு நாற்காலிக்குக் கால் மாற்றினார் என்கிறீர்கள், அந்த ஆறில் ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கலாம், யார் கண்டது. அந்த டேவர்ஸ் இப்போது இல்லை.

பிளாசாவும் இல்லை. எம்ஜி ரோட்டில் 1936இல் கட்டிய தியேட்டர், ஆங்கிலப் படம்தான் போடுவார்கள். எங்களுக்குத் தமிழ்ப் படத்துக்கு எல்ஜின், நாகா, லாவண்யா என்று வேறு இடங்கள் இருந்தன, பிளாசாவுக்குப் போவது என்றால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவது. படம் புரியாவிட்டாலும் இன்டர்வெல்லில் மாடியில் நின்று எம்ஜி ரோட்டைப் பார்த்துவிட்டு வருவோம். எதிரே கடை எதுவும் கிடையாது, நடைபாதை, மரம், காகிதப்பூ, அதற்கப்பால் பரேடு மைதானம், அவ்வளவுதான். மெட்ரோ வேலை வந்தபோது பிளாசா போனது, அந்த நடைபாதையும் போனது. 2011 அக்டோபரில் ரயில் ஓட ஆரம்பித்தது. நானும் முதல் வாரமே போய் ஏறினேன், கோபம் இருந்தாலும் வசதியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

காப்பி ஹவுஸ் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். எம்ஜி ரோட்டிலிருந்த இந்தியா காபி ஹவுஸை 2009 ஏப்ரல் 5ஆம் தேதி மூடினார்கள், கடைசி நாள் கூட்டத்தில் நானும் நின்றேன், காப்பி கிடைக்கவில்லை. ஆனால் கடை சர்ச் தெருவுக்கு மாறிப்போய் நடந்தது. தலைப்பாகை கட்டிய ஆட்கள், கட்லெட், முட்டை எல்லாம் அதே. மேசை மட்டும் அதேதானா என்று கேட்காதீர்கள்.

கிராண்ட் ரோடு என்பது இப்போதைய விட்டல் மல்லையா ரோடு. பீர் பேட்டரி யுனைடெட் புரூவரீஸ். லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் ஐந்து மதுபான ஆலைகளைச் சேர்த்து ஆரம்பித்த கம்பெனி. அந்த ஐந்தில் நீலகிரி ஆலைகளும் மெட்ராஸ் ஆலையும் உண்டு, பெங்களூர் பீர் என்று இங்கே மார்தட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் பக்கம் காற்றடித்தால் கஞ்சி புளித்த மாதிரி ஒரு வாசனை வரும், பார்லி வேகும் வாசனை. இப்போது அங்கே யு.பி. சிட்டி நிற்கிறது, கண்ணாடியும் பளிங்கும். உள்ளே ஒரு காப்பி குடிக்கிற காசுக்கு உங்கள் அப்பா கதவு இரண்டையும் செய்து கொடுத்திருப்பார்.

சர்ச் தெரு ராக்கெட்டு எனக்குத் தெரியும், ஆனால் உள்ளே போனதில்லை. அதை வேறு யாராவது சொல்லட்டும், கை வலிக்கிறது.

டிராட்_தர்மபுரி:

பெரியவர் விட்ட இடத்தில் பிடிக்கிறேன். ராக்கெட் என்பது நாசா. சர்ச் தெருவில் இருந்த பப். உள்ளே நுழைந்தால் விண்கலத்துக்குள் நுழைந்த மாதிரி அமைத்திருந்தார்கள்.

நான் தர்மபுரிக்காரன். 18 வயதில் அங்கே அக்கம்பக்கத்து பப் ஒன்றில் பேரர் வேலைக்குச் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம், கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை). அந்தக் காலத்தில் பப் என்ற வார்த்தையே எங்களுக்குப் புதுசு. என்னோடு வேலை செய்த பாலக்கோட்டுப் பையன் "பப்ஸில் வேலை" என்று வீட்டுக்குக் கடிதம் போட, அவன் அம்மா ஊர் முழுக்க மகன் பேக்கரியில் இருக்கிறான், முட்டை பப்ஸ் போடுகிறான் என்று சொல்லி வைத்திருந்தார். அவன் கடைசி வரை திருத்தவே இல்லை.

ஏன் பெங்களூரில் மட்டும் இத்தனை பப் முளைத்தது என்று எல்லோரும் குளிர், கம்ப்யூட்டர் கம்பெனி என்று கதை சொல்வார்கள். கம்ப்யூட்டர் கூட்டம் பெரிதாக வருவதற்கு முன்பே, 80களின் நடுவிலேயே பப் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த காரணம் பீப்பாய். டிராட் பீர் என்பது பாட்டில் பீர் மாதிரி சூடு காட்டி மூடியது இல்லை, சில்லென்று வைத்திருக்க வேண்டும், பீப்பாயைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். லாரியில் ஏற்றி வெயிலில் வேலூர், சேலம் என்று அனுப்ப முடியாது. ஆலை பக்கத்தில் இருந்தது, பீப்பாய் காலையில் வந்தது, ராத்திரிக்குள் காலியானது. அவ்வளவுதான் ரகசியம். நான் முதல் வாரம் ஊற்றியதில் பாதி நுரை. கிளாஸைச் சாய்த்துப் பிடி, முக்கால் வந்ததும் நிமிர்த்து, நுரை இரண்டு விரல் நிற்கணும் என்று கத்துக்கொடுத்தவர் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது தமிழ்க் கெட்ட வார்த்தை.

சரி, ராக்கெட்டுக்கு வருகிறேன். ஒரு தடவை விடுமுறை நாளில் காசு சேர்த்து நாங்கள் மூன்று பேர் அங்கே போனோம். எனக்கு பீரைவிட அந்தச் சுவர்தான் ஆச்சரியம். சுவர் நேராக ஏறி அப்படியே வளைந்து கூரையாகப் போகும், மூலை கிடையாது, எங்கே இணைத்தான் என்று விரலால் தடவிப் பார்த்தேன், தெரியவில்லை. தகரம் என்றுதான் நினைத்தேன், தட்டினால் மரச் சத்தம் வந்தது. அண்ணா, நோட்டில் அந்த 21 நாளைப் பற்றி வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?

ரெஸ்ட் ஹவுஸ் ரோடு மாடிப்படி பெக்கோஸ் ஆக இருக்க வாய்ப்புண்டு. 1989இல் வந்தது. குறுகலான படி, ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கையில் மூன்று ஜக்கு இருந்தால் இன்னும் விசேஷம். ஆனால் அந்த ரோட்டில் மாடிப்படி ஆயிரம் இருக்கிறது, சத்தியம் செய்ய மாட்டேன்.

குடியாத்தத்தான்:

பெரியவருக்கும் தர்மபுரி அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தேவர் பார் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், அப்பா போனதற்கு அப்புறம் அம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அண்ணா, நோட்டில் ராக்கெட் பக்கத்தில் பென்சிலில் ஒரு படம் இருக்கிறது. அரை வட்டம், உள்ளே விலா எலும்பு மாதிரி கோடுகள். பக்கத்தில் எழுதியிருப்பது: "சட்டம் ஒண்ணரை அடிக்கு ஒண்ணு. ஒட்டுப் பலகை 4 மி.மீ. ரெண்டு அடுக்கு. பின்னாடி முக்கா அங்குலத்துக்கு ஒரு கீறல். ஈரத்துணி ராத்திரி பூரா." எனக்குத் தச்சு வேலை தெரியாது, நான் பேங்க்கில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ஆசாரியிடம் காட்டினேன். அவர் சொன்னார்: பலகையின் பின்பக்கம் ரம்பத்தால் வரிவரியாக, முன்பக்கத் தோல் மட்டும் மிஞ்சும் அளவுக்குக் கீறிவிட்டு, ஈரத்துணி போட்டு வைத்தால் மறுநாள் பலகை சொன்னபடி வளையும், கீறல் ஒரு நூல் ஆழமாகப் போனால் படீர் என்று முறிந்துவிடும், நாலு பலகை முறித்தால்தான் கை வரும் என்று. நோட்டில் அதற்குக் கீழேயே "வீணானது 5. கூலியில் பிடிச்சது" என்று இருக்கிறது.

மர்பிடவுன் மல்லிகா:

எல்லாம் சரி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சின்னக் கேள்வி.

பெங்களூரில் பழைய கட்டடம் என்று பேச ஆரம்பித்தாலே பிளாசா, காபி ஹவுஸ், கோஷீஸ் ஓட்டல், பப் என்று ஒரே ஜெபமாலைதான். அதெல்லாம் எம்ஜி ரோட்டைச் சுற்றி ஒரு மைல். கண்டோன்மென்டில் நம் ஜனம் பாதிப் பேர் எங்கே குடித்தார்கள்? என் தாத்தா பெயின்ட் அடிக்கிற வேலை, சனிக்கிழமை கூலி வாங்கினால் நேராகச் சாராயக் கடை. தகரக் கூரை, மண்தரை, நாலு பெஞ்சு. பாக்கெட் சாராயம், மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுக் குடிப்பார்கள், கடை வாசல் பூரா அந்தப் பிளாஸ்டிக் துண்டு. என் ஆயா அதே கடைக்கு வெளியே போட்டி வறுவலும் அவித்த முட்டையும் விற்றார். கணவனுக்குக் காசு உள்ளே போகும், அதில் கொஞ்சம் வெளியே மனைவியிடம் திரும்பி வரும், அப்படித்தான் எங்கள் அம்மாவைப் படிக்க வைத்தார். 2007 ஜூலை 1ஆம் தேதி கர்நாடகாவில் சாராயத்தைத் தடை செய்தபோது ஆயா கும்பிட்டார். அடுத்த நாள் அடுப்பை எங்கே வைப்பது என்றும் கேட்டார்.

அந்தக் கடையை யாரும் போட்டோ எடுக்கவில்லை. புத்தகத்தில் போடவில்லை. இடித்தபோது ஒருவரும் போய் நிற்கவில்லை.

குடியாத்தத்து அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வருஷம் அலசூரில் தங்கி வேலை செய்த ஆசாரியின் நோட்டில் ஒரு சாராயக் கடைகூட இல்லையா? அந்த பெஞ்செல்லாம் யார் போட்டது?

சும்மா_வந்தேன்:

அக்கா சொல்வது சரி. இன்னொன்று, எங்கள் பக்கத்துக்காரர்கள் பெங்களூர் போனதே அதற்குத்தானே. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கை எடுத்து, 1974இல் திரும்பப் போட்டு, 1981இல் மறுபடி எடுத்தார்கள். இடைப்பட்ட வருஷங்களில் ஜோலார்பேட்டையில் ஏறுகிற கூட்டத்தில் எத்தனை பேர் உறவினரைப் பார்க்கப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள். (கப்பன் ரோடு விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.)

அலசூர் பெரிசு:

மல்லிகாம்மா சொன்னதில் எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. சரிதான்.

கட்டினவர்கள் கதையும் இதே கதைதான். அட்டாரா கச்சேரி இருக்கிறதே, சிவப்புக் கட்டடம், இப்போது ஹைகோர்ட், 1868இல் முடிந்தது. கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று எல்லோருக்கும் தெரியும், கன்ட்ராக்ட் எடுத்தவர், பள்ளிக்கூடம் வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், மரியாதைக்குரிய மனிதர். 1980களில் அந்தக் கட்டடத்தை இடிக்கப் பார்த்தபோது ஊரே எதிர்த்து வழக்கு வரை போய்க் கடைசியில் கட்டடம் பிழைத்தது. ஆனால் கல் சுமந்தவர், சாரம் கட்டியவர், ஜன்னல் இழைத்தவர் பெயர் எங்கே இருக்கிறது? 1809இல் பட்டாளம் வந்து தண்டு, அதாவது கண்டோன்மென்ட், போட்டதிலிருந்து ஆற்காட்டுப் பக்கத்து ஜனம் வந்துகொண்டேதான் இருந்தது. அவர்கள் நோட்டு எழுதவில்லை, எழுதியிருந்தாலும் கரையான் தின்றிருக்கும். தம்பி, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

குடியாத்தத்தான்:

மல்லிகா அக்கா, இருக்கிறது. நான்தான் எழுதவில்லை.

"ச.க." என்று போட்டிருக்கிறார். முதலில் சர்க்கார் கணக்கு என்றுதான் நினைத்தேன். அம்மா பார்த்துவிட்டு சாராயக் கடை என்றார். மொத்தம் பதினொரு இடத்தில் வருகிறது, பெஞ்சு, கல்லாப் பெட்டி, தட்டிக் கதவு. ராக்கெட், பிளாசா என்றால் சொல்லிக்கொள்ளலாம், அப்பா சாராயக் கடைக்கு பெஞ்சு செய்தார் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. இப்போது அப்படி நினைத்ததுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

நோட்டின் கடைசி வரியே அதுதான். தேதி 10-12-91. "அலசூர் பஜார் தெரு ச.க. பெஞ்சு 3. மொத்தம் 150. அச்சாரம் 40. பாக்கி 110 சனிக்கிழமை." அதற்கப்புறம் நோட்டில் எல்லாப் பக்கமும் காலி. அப்பா ஊருக்கே திரும்பிவிட்டார் என்று தெரியும், குடியாத்தத்திலேயே ஒரு மரக்கடையில் கடைசி வரை இருந்தார். ஏன் வந்தார் என்று கேட்டதில்லை.

அலசூர் பெரிசு:

தேதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. அந்தச் சனிக்கிழமை 14ஆம் தேதி. அவர் இருந்திருக்க மாட்டார்.

காவிரி நடுவர் மன்றம் அந்த ஜூனில் இடைக்காலத் தீர்ப்பு சொன்னது, டிசம்பர் 11ஆம் தேதி அதை மத்திய அரசு கெசட்டில் போட்டது. 12, 13 இரண்டு நாளும் இங்கே நடந்தது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. தமிழ்க்காரர் கடை, குடிசை, லாரி எரிந்தது, உயிரும் போனது. கூலிக்கு வந்திருந்தவர்கள் கிடைத்த ரயிலில் கிடைத்தபடி ஏறினார்கள். நாங்கள் இங்கேயே வீடு வாசல் உள்ளவர்கள், எங்கே போவது? கடை போர்டில் இருந்த தமிழ் எழுத்தை என் தம்பி தாரை வைத்து அழித்தான். எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மா ஒரு முறம் நிறைய அவரைக்காயை எடுத்துக்கொண்டு எங்கள் வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. இருட்டும் வரைக்கும் உரித்துக்கொண்டே இருந்தார். அந்தத் தெருவுக்குள் வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது, அவரைக்காய் வாங்கும்போதெல்லாம் நினைப்பேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

டிராட்_தர்மபுரி:

நான் அந்த வாரம் ஓசூர் வரைக்கும் நடந்தும் லாரியிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். வராதவர்களும் நிறைய.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிப்பதா என்று தெரியவில்லை. ரெசிடென்சி ரோடு பெங்களூர் கிளப்பில் ஒரு பழைய கணக்குப் புத்தகம் இருக்கிறது. 1899இல் வசூலாகாத பாக்கி என்று எழுதிய பட்டியலில் லெப்டினன்ட் சர்ச்சில், 13 ரூபாய். அதேதான், பிற்காலத்தில் பிரதம மந்திரி ஆன சர்ச்சில். 13 ரூபாய் வராத கணக்கை அங்கே எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார்கள் தெரியுமா? அண்ணன் கையில் 110 ரூபாய் வராத கணக்கு இருக்கிறது.

குடியாத்தத்தான்:

இன்று அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நடுராத்திரிக்கு மேல் வந்தாராம். துணிமணி, பாய், அடுப்பு எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டு மரப்பெட்டியை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு. அம்மா கதவைத் திறந்ததும் "தண்ணி கொண்டா" என்றாராம், பெட்டியை இறக்கியதும் முதலில் இழைப்புளியை எடுத்து நனைந்திருக்கிறதா என்று பார்த்தாராம், அப்புறம்தான் தண்ணீர் குடித்தாராம். அம்மாவுக்கு அது இன்றுவரைக்கும் கோபம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். பெரியவருக்கு வசதிப்பட்டால் சர்ச் தெரு காபி ஹவுஸில் காலை எட்டு மணிக்குப் பார்க்கலாமா? நோட்டைக் கொண்டு வருகிறேன்.

அக்கா, அலசூர் பஜார் தெருவில் அந்தச் சாராயக் கடை எங்கே இருந்தது என்று யாருக்காவது தெரியுமா?

அலசூர் பெரிசு:

எட்டு மணிக்கு வருகிறேன். டாக்டர் விஷயம் அங்கே பேசக் கூடாது.

மர்பிடவுன் மல்லிகா:

ஆயாவைக் கேட்டேன், அவருக்கு 88 வயது, காது மந்தம், ஆனால் சாராயக் கடை எது எங்கே என்று வரிசையாகச் சொல்கிறார். பஜார் தெருவில் இரண்டு இருந்ததாம். ஒன்று இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை. இன்னொன்று பேக்கரி. பேக்கரி வாசலில் ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது, நான் ஆபீஸ் போகிற வழியில் தினமும் பார்ப்பேன், ஆனால் மரமா வேறு எதுவுமா என்று கவனித்ததில்லை. நாளைக் காலையில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மர்பிடவுன் மல்லிகா:

சிமெண்டு. ஆனால் பேக்கரிக்காரரிடம் கேட்டேன். பின்கட்டில் மாவு மூட்டை அடுக்கி வைக்க ஒரு பழைய மரப் பெஞ்சு இருக்கிறதாம், கடை வாங்கும்போதே இருந்ததாம், ஒருபக்கக் கால் கொஞ்சம் குட்டை. போட்டோ எடுக்க விடவில்லை, மூட்டையை இறக்க ஆளில்லை என்றார். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் மூட்டை குறைந்திருக்குமாம்.